விலகலா, விசாரணையா? தாதிமைத் தொழில் வரலாற்றில் கட்டொழுங்கு விசாரணையும் பதவி விலகலும்

முன்னுரை

தாதிமைத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகள், போர்க்கால மருத்துவமனைகள், பதிவுச் சட்டங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தொழிலில் ஈடுபட்டவர்களின் பணிவாழ்வில் மிகவும் கடினமான காலம் எது என்னும் வினா அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. கட்டொழுங்கு விசாரணைக்கு வருமாறு கடிதம் கிடைத்த நாளுக்கும் விசாரணை நடைபெறும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அது எனலாம். அந்த இடைவெளியில் தாதி ஒருவர் ஒரு முடிவை எடுக்க வேண்டியவராகின்றார். விசாரணைக்குச் சென்று தம் தரப்பை எடுத்துரைப்பதா, அதற்கு முன்பே பதவி விலகிவிடுவதா என்பதே அம்முடிவு.

மேலோட்டமாக நோக்கின், இது தனிமனிதர் ஒருவரின் துணிவையும் பொருளாதார நிலையையும் மட்டும் சார்ந்த முடிவாகத் தோன்றும். ஆயினும், இவ்வினா எழுவதற்கே ஒரு நெடிய வரலாற்றுப் பின்னணி தேவைப்பட்டது. விசாரணை என்ற ஒன்று இருந்தால்தான் அதற்கு முன் விலகுவதா, இல்லையா என்று எண்ணிப் பார்க்க இயலும். தாதியர் அவ்விசாரணையை உரிமையாகப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவ்வுரிமை எவ்வாறு உருவாயிற்று, விலகலால் எது கைவிடப்படுகின்றது, எந்நிலையில் விலகல் ஏற்கத்தக்கதாகின்றது என்பவற்றைப் பிரிட்டனின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. மலேசிய, சிங்கப்பூர்த் தாதிமைச் சேவைகள் பிரிட்டிஷ் மரபில் உருவானவை. மேலும், 1960களிலும் 1970களிலும் மலேசியாவிலிருந்து தாதிமைப் பயிற்சிக்காகப் பிரிட்டன் சென்ற இளையோருள் தமிழரும் இருந்தனர். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலானது அன்று.

விசாரணை இல்லாத காலம்

1860ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பின்னர் உருவான மருத்துவமனை அமைப்பில் தாதியர் அனைவரும் மேட்ரன் எனப்படும் தலைமைத் தாதியின் ஆளுகைக்கு உட்பட்டனர். தாதியரைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுவித்தல், பணியிடம் ஒதுக்குதல், நடத்தையைக் கண்காணித்தல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பில் அமைந்தன. மருத்துவர்களும் நிர்வாகத்தினரும் விரும்பியபடியெல்லாம் தாதியரை நடத்துவதைத் தடுப்பதற்கு இவ்வமைப்பு உதவியது என்பது உண்மையே. ஆனால், அதே அமைப்பு ஒருவர் கையில் பெரும் அதிகாரத்தையும் குவித்தது.

பயிற்சித் தாதி ஒருவரை மேட்ரன் தகுதியற்றவர் என்று கருதினால், அவர் வெளியேற வேண்டியதுதான். குற்றச்சாட்டை எழுத்து வடிவில் தருதல், சான்றுகளைக் காட்டுதல், மறுமொழி கேட்டல் என்ற வழக்கம் எதுவும் நிலைபெற்றிருக்கவில்லை. தாதியர் மருத்துவமனையின் தங்கும் விடுதியிலேயே வாழ்ந்தமையால், பணியை இழந்தவர் உறைவிடத்தையும் இழந்தார். அவற்றினும் பெரிய இழப்பு நற்சான்றிதழ் ஆகும். வேறொரு மருத்துவமனையில் சேர்வதற்கு மேட்ரனின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. எனவே, 'தானே விலகிக்கொண்டார்' என்று எழுதப்படுவதற்கும் 'நீக்கப்பட்டார்' என்று எழுதப்படுவதற்கும் இடையே ஒருவரின் எதிர்காலம் முழுவதும் தங்கியிருந்தது. அமைதியாக விலகுதல் என்பது அக்காலத் தாதிக்கு ஒரு தெரிவு அன்று. அது மேட்ரன் அளிக்கும் சலுகை.

இந்நிலை 1890இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையின் கவனத்திற்கு வந்தது. இலண்டன் மாநகர மருத்துவமனைகளைப் பற்றி ஆராய அவ்வாண்டு அமைக்கப்பட்ட தேர்வுக் குழுவின் முன், 'தி இலண்டன் ஹாஸ்பிட்டல்' என்னும் மருத்துவமனையின் முன்னாள் தாதியரும் பயிற்சித் தாதியரும் சாட்சியமளித்தனர். அங்கு 1880 முதல் 1919 வரை மேட்ரனாக விளங்கியவர் ஈவா லூக்ஸ். பயிற்சித் தாதியரை நிர்வாகக் குழுவின் பார்வைக்குக் கொண்டுசெல்லாமலேயே அவர் நீக்குகின்றார் என்பது முன்வைக்கப்பட்ட முறையீடுகளுள் ஒன்றாகும். லூக்ஸ் தம் மருத்துவமனையின் தாதிமைத் தரத்தை உயர்த்தியவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. அதனாலேயே இம்முறையீடு வரலாற்று நோக்கில் முக்கியத்துவம் பெறுகின்றது. தலைமைத் தாதி நல்லவரா, தீயவரா என்பது அங்கு எழுந்த அடிப்படை வினா அன்று. திறமைமிக்க ஒருவரே ஆயினும், தாமே குற்றம் சாட்டித் தாமே தீர்ப்பும் வழங்கலாமா என்பதே அவ்வினா.

பதிவேடும் பதிலுரைக்கும் உரிமையும்

இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி தாதியர் பதிவு இயக்கத்தோடு பிணைந்து வளர்ந்தது. எத்தெல் பெட்ஃபர்ட் ஃபென்விக் முன்னின்று 1887இல் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தை உருவாக்கினார். பயிற்சி பெற்ற தாதியரின் பெயர்களை அரசு ஏற்புடைய பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நைட்டிங்கேலும் லூக்ஸும் இதனை எதிர்த்தனர். தாதியின் பண்பை எழுத்துத் தேர்வும் பதிவேடும் அளந்துவிட முடியாது என்பது அவர்கள் தரப்பு வாதம். முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட போராட்டத்தின் பின்னரே 1919இல் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக் அம்மையாருக்கு வழங்கப்பட்டது.

பதிவேட்டின் பயன் தகுதியற்றோரைத் தவிர்ப்பதில் அடங்கியது என்றே பொதுவாகக் கூறப்படும். நம் ஆய்வுப் பொருளுக்கு அதன் மற்றொரு பயன் முக்கியமானது. ஒரு தாதியின் தொழில் தகுதி இனி ஒரு மருத்துவமனையின் கடிதத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டால், அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என 1919ஆம் ஆண்டுச் சட்டமே வகைசெய்தது. பணியிடம் வேறு, தொழில் தகுதி வேறு என்ற பாகுபாடு இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது.

இப்பாகுபாடே விலகல் பற்றிய முடிவை இன்றளவும் சிக்கலாக்குகின்றது. மருத்துவமனையிலிருந்து விலகுபவர் பதிவேட்டிலிருந்து விலகுவதில்லை. பொதுத் தாதியர் மன்றத்தின் பணிகளை 1983இல் ஐக்கிய இராச்சிய மத்திய மன்றமும், அதன் பணிகளை 2002இல் தாதியர் மருத்துவச்சியர் மன்றமும் ஏற்றன. பெயர்கள் மாறியபோதும் அடிப்படை மாறவில்லை. நிர்வாகம் தன் குற்றச்சாட்டைத் தொழில்மன்றத்திற்கு அனுப்பிவைக்கலாம். விலகியவரைப் பற்றியும் மன்றம் விசாரிக்கலாம். ஆகவே, 'விலகிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்' என்னும் எண்ணம் தாதிமைத் தொழிலைப் பொறுத்தவரை பொருந்தாது. விலகலால் முடிவது ஒரு விசாரணை மட்டுமே. அடுத்த விசாரணை நடைபெறுமாயின், பணியிடத்தில் தம் தரப்பைப் பதிவு செய்யாத ஒருவராகவே அத்தாதி அங்குச் செல்ல நேரிடும்.

விலகலின் சட்டப் பொருள்

பணியிட விசாரணை உரிமையாக வளர்ந்தது இதற்கும் பிந்திய காலத்திலாகும். 1971ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டமே பிரிட்டனில் நியாயமற்ற பணிநீக்கத்திற்கு எதிராக முறையிடும் உரிமையை முதன்முதலில் அளித்தது. கட்டொழுங்கு நடவடிக்கை எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான நெறிமுறை 1977இல் வெளியாயிற்று. விசாரணைக்குத் தொழிற்சங்கப் பேராளரையோ சக ஊழியரையோ உடனழைத்துச் செல்லும் உரிமை 1999ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புறவுச் சட்டத்தால் உறுதிப்பட்டது. குற்றச்சாட்டை முன்கூட்டியே அறிதல், சான்றுகளைக் காணுதல், மறுமொழி கூறுதல், துணையாள் ஒருவரை அழைத்துச் செல்லுதல், மேல்முறையீடு செய்தல் என இன்று வழக்கமாகக் கருதப்படுவன ஒவ்வொன்றும் இவ்வாறு படிப்படியாகப் பெறப்பட்டவையே.

இவ்வுரிமைகளுள் பெரும்பாலானவை பணிநீக்கம் என்ற நிகழ்வைச் சார்ந்தவை. தாமே விலகியவர் நீக்கப்பட்டவர் அல்லர்; எனவே அவர் நியாயமற்ற பணிநீக்கம் என முறையிடுவது கடினம். இப்பொது விதிக்கு இரு விலக்குகள் உருவாயின. முதலாவது, 'நீயாக விலகு, இல்லையேல் நீக்குவோம்' என்ற அச்சுறுத்தலால் பெறப்பட்ட விலகல். ஈஸ்ட் சசெக்ஸ் மாவட்ட மன்றத்திற்கு எதிராகப் பள்ளிச் சமையல் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், அத்தகைய விலகல் உண்மையில் பணிநீக்கமே என்று 1972இல் தீர்ப்பளிக்கப்பட்டது. இரண்டாவது, நிர்வாகம் பணி ஒப்பந்தத்தை அடிப்படையிலேயே மீறியமையால் ஊழியர் வெளியேற நேர்ந்த நிலை. 1978ஆம் ஆண்டின் வெஸ்டர்ன் எக்ஸ்கவேட்டிங் வழக்கு இதற்கான அளவுகோலை வகுத்தது. நிர்வாகம் கடுமையாக நடந்துகொண்டது என்பது மட்டும் போதாது. ஒப்பந்தத்தின் ஆணிவேரையே அது தாக்கியிருக்க வேண்டும்.

நடைமுறையில் இவ்விரு விலக்குகளையும் மெய்ப்பிக்கும் சுமை விலகியவர் மீதே விழுகின்றது. அச்சுறுத்தல் பெரும்பாலும் கடிதத்தில் எழுதப்படுவதில்லை. 'உங்கள் நன்மைக்காகச் சொல்கின்றேன்' என்று தாழ்வாரத்தில் கூறப்படும் அறிவுரையாகவே அது வரும். விலகல் கடிதமோ தாதியின் கையெழுத்தோடு கோப்பில் இருக்கும். அதில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதப்பட்டிருப்பின், பின்னாளில் வேறு காரணத்தை நிலைநாட்டுவது எத்துணைக் கடினம் என்பதைக் கூற வேண்டியதில்லை.

ஸ்டாக்போர்ட் இரவுத் தாதியின் வழக்கு

விசாரணையை எதிர்கொள்வதன் பயனையும் விலையையும் ஒருங்கே காட்டும் வழக்கு கிரஹாம் பிங்க் என்பாருடையது. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரிலுள்ள ஸ்டெப்பிங் ஹில் மருத்துவமனையில், முதியோர் வார்டுகளுக்கு இரவு நேரப் பொறுப்புத் தாதியாக அவர் பணியாற்றினார். நோயுற்ற முதியோரைக் கவனிக்க இரவில் போதிய ஆள்கள் இல்லை என்பதை 1989ஆம் ஆண்டு முதல் அவர் எழுத்து வழி முறையிடலானார். மருத்துவமனை நிர்வாகத்தினர், சுகாதார ஆணையம், அமைச்சர், பிரதமர் என அவருடைய கடிதங்கள் படிப்படியாக மேலே சென்றன. அக்கடிதப் போக்குவரத்தின் பகுதிகளை 1990 ஏப்ரலில் 'தி கார்டியன்' நாளிதழ் வெளியிட்டது. நாடு முழுவதும் பெரும் அதிர்வு உண்டாயிற்று.

அதே ஆண்டில் அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டுக் கட்டொழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டார். நோயாளியின் இரகசியத்தைக் காக்கத் தவறினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. செய்தித்தாளில் வந்த விவரணம் ஒன்று, பெயர் குறிப்பிடப்படாத நோயாளியை அவர் குடும்பத்தார் அடையாளம் காணும்படி அமைந்தது என்பதே அதன் அடிப்படை. இக்குற்றச்சாட்டை முற்றிலும் வெறுமையானது என்று தள்ளிவிட இயலாது. நோயாளியின் மறைபொருளைக் காத்தல் தாதிமை அறத்தின் தலையாய கூறாகும். ஆனால், நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய சூழலை உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அக்காலத் தொழில்நெறிக் கோவையின் கட்டளையே. ஒரே கோவையின் இரு கட்டளைகள் ஒன்றோடொன்று மோதிய நிலை அது. இத்தகைய மோதலை ஆராய்வதற்கு ஓர் அரங்கு தேவை. விசாரணை என்பது அவ்வாறான அரங்காகவும் அமையக்கூடும்.

பிங்க் அப்போது அறுபது வயதை எட்டியவர். ஓசையின்றி விலகிச் செல்வதற்கு அவ்வயதே போதிய காரணமாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. விசாரணையின் முடிவில் மருத்துவமனைக்கு வெளியே சமூகத் தாதிமைப் பணிக்கு மாறிச்செல்லும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அதனையும் அவர் ஏற்க மறுத்தார். விளைவாக 1991இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். இடமாற்றத்தை ஏற்றிருந்தாலோ விலகியிருந்தாலோ வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். நீக்கப்பட்டமையால் அது தொழில் தீர்ப்பாயத்திற்குச் சென்றது. 1993இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, சுகாதார ஆணையம் பணிநீக்கம் நியாயமற்றது என்பதை ஏற்று, ஏறத்தாழ 11,000 பவுன் இழப்பீடு வழங்க உடன்பட்டது.

இதனை முழு வெற்றி என்று கூறுவதற்கில்லை. அவருக்குப் பணி திரும்பக் கிடைக்கவில்லை. இரவு வார்டுகளின் நிலை பற்றித் தீர்ப்பாயம் முழுமையான முடிவு எதனையும் அறிவிக்க வாய்ப்பில்லாமற் போயிற்று. எனினும், அவருடைய கடிதங்கள், அவற்றிற்கு வந்த மறுமொழிகள், குற்றச்சாட்டுகள், சாட்சியங்கள் ஆகியன பொது ஆவணங்களாயின. பொதுநலன் கருதித் தகவல் வெளியிடுவோரைப் பாதுகாக்கும் சட்டம் பிரிட்டனில் 1998இல் இயற்றப்பட்டு 1999இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்கு முந்திய விவாதங்களில் பிங்கின் பெயர் பன்முறை எடுத்துக்காட்டப்பட்டது. அவர் ஓசையின்றி விலகியிருந்தால் வரலாற்றாசிரியருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரே ஒரு விலகல் கடிதம்தான்.

விலகிய பின்னும் சான்றளித்தவர்

விலகல் எப்போதும் மௌனத்தில் முடிவதில்லை என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். ஸ்டாஃபர்ட் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியாற்றிய ஹெலன் டொனலி, நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் குறித்து ஏறத்தாழ நூறு முறையீடுகளை எழுதினார். பயன் விளையாத நிலையில் 2008இல் அங்கிருந்து வெளியேறினார். அவர் கட்டொழுங்கு விசாரணையை எதிர்நோக்கியவர் அல்லர். ஆயினும் விலகலின் தன்மையை உணர அவருடைய அனுபவம் உதவும். இராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் அமைந்த பொது விசாரணையில் 2011இல் அவர் சாட்சியமளித்தார். 2013 பிப்ரவரியில் வெளியான அவ்விசாரணை அறிக்கை பிரிட்டிஷ் சுகாதாரச் சேவையையே உலுக்கியது.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலப்படும். டொனலி பணியை விட்டபோது தம் சான்றை விட்டுவிடவில்லை. அவர் எழுதிய முறையீடுகள் அவருக்கு முன்பே பதிவாகியிருந்தன. அவற்றைக் கேட்க ஓர் அரங்கும் பின்னர் அமைந்தது. ஆனால், பொது விசாரணை எல்லாருக்கும் கிடைப்பதன்று. பெரும்பாலான தாதியருக்குத் தம் தரப்பைப் பதிவு செய்யக் கிடைக்கும் ஒரே அரங்கு பணியிட விசாரணைதான். ஆகவே, விலகுவதா, இல்லையா என்பதைக் காட்டிலும், எழுத்தில் எதனை விட்டுச்செல்கின்றோம் என்பதே வரலாற்றுக்கும் நீதிக்கும் முதன்மையான வினாவாகும்.

விசாரணையே தாங்கொணாச் சுமையாகும்போது

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, எந்நிலையிலும் விசாரணையை எதிர்கொள்வதே சரி என்று முடிவு செய்தல் பொருந்தாது. மலேசியாவில் பிறந்து பிரிட்டனில் தாதிமை பயின்ற அமின் அப்துல்லாவின் முடிவு அத்தகைய எளிய முடிவுக்குத் தடையாக நிற்கின்றது. இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், கட்டொழுங்கு விசாரணைக்குப் பின் 2015 டிசம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய மேல்முறையீடு விசாரிக்கப்படுவதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 2018இல் வெளியான சுதந்திர ஆய்வறிக்கை, அவர் மீதான விசாரணை முறை குறைபாடுடையது என்றும் அவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்றும் கண்டறிந்தது. மருத்துவமனை அறக்கட்டளை மன்னிப்புக் கோரியது.

அவர் விலகவில்லை, விசாரணையை எதிர்கொண்டார், மேல்முறையீடும் செய்தார். சட்டம் வகுத்த வழியைப் பின்பற்றிய ஒருவரை அவ்வழி காக்கத் தவறியது. இதன் விளைவாக 2019 மே மாதத்தில் இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை அறக்கட்டளைகள் அனைத்திற்கும் புதிய வழிகாட்டல் அனுப்பப்பட்டது. விசாரிப்போர் பயிற்சி பெற்றவராகவும் சார்பற்றவராகவும் இருத்தல், இடைநிறுத்தத்தை ஒருவர் மட்டும் தீர்மானிக்காதிருத்தல், விசாரிக்கப்படுவோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுதல், விசாரணைகளை ஆட்சிக்குழு கண்காணித்தல் ஆகியன அதில் வலியுறுத்தப்பட்டன. 1890இல் பயிற்சித் தாதியர் எழுப்பிய வினாவின் எதிரொலியை இவ்வழிகாட்டலில் நாம் கேட்கின்றோம். அன்று விசாரணையே இல்லை என்பது குறை. இன்று விசாரணை என்ற பெயர் மட்டும் போதாது என்பது பாடம்.

உயிரும் மனநலமும் இடரில் இருக்கும் நிலையில் ஒருவர் விலகுவாராயின், அதனைக் கோழைமை என்றோ குற்றத்தை ஒப்புக்கொள்ளல் என்றோ கருதுவது அறமாகாது. குடும்பச் சுமை, கடன், பணி அனுமதி ஆகியவற்றால் கட்டுண்டவரின் நிலையும் அத்தகையதே. குறிப்பாக, அயல்நாட்டிலிருந்து வந்த தாதியின் தங்கும் உரிமை பணியோடு பிணைந்துள்ளது. அவருக்கு விலகலும் இடர், நீக்கமும் இடர். இவ்வாறான நிலையில் தனித்து முடிவெடுக்க நேர்வதே பெருங்கொடுமை எனலாம்.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல்

பிரிட்டனின் பதிவேட்டு முறை மலாயாவிலும் வேரூன்றியது. மலேசியாவில் இன்றும் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டமே பதிவுக்கு அடிப்படையாக விளங்குகின்றது. சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டின் தாதியர் மருத்துவச்சியர் சட்டம் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. எனவே, பணியிடமும் பதிவேடும் வெவ்வேறு என்ற முன்னர்க் கூறிய பாகுபாடு இவ்விரு நாடுகளுக்கும் பொருந்தும்.

தம் தரப்பை எடுத்துரைக்கும் உரிமையைப் பொறுத்தவரை, மலேசியாவிற்கெனத் தனிச்சிறப்புடைய வரலாறு உண்டு. அரசு ஊழியர் ஒருவரைத் தம் தரப்பைக் கூற நியாயமான வாய்ப்பளிக்காமல் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று கூட்டரசு அரசமைப்பின் 135ஆம் பிரிவு கூறுகின்றது. இப்பிரிவின் பொருளை விளக்கிய வழக்கு தாதியருடையதன்று; காவல்துறை ஆய்வாளர் சுரிந்தர் சிங் கண்டாவினுடையது. 1958இல் நீக்கப்பட்ட அவருடைய வழக்கில், விசாரணை அதிகாரி படித்த அறிக்கை ஒன்று அவருக்குக் காட்டப்படவே இல்லை என்பது தெரியவந்தது. தமக்கு எதிராக என்ன கூறப்பட்டது என்பதை அறியாதவர் மறுமொழி கூற இயலாது என்ற அடிப்படையில், 1962இல் இலண்டன் பிரிவி மன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இந்நெறி அரசு மருத்துவமனைத் தாதிக்கும் உரியதே.

தனியார் மருத்துவமனைத் தாதியருக்கு 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வழி முறையிடும் வாய்ப்பு உண்டு. நிர்வாகத்தின் ஒப்பந்த மீறலால் வெளியேற நேர்ந்தவரும் அதன் கீழ் முறையிடலாம் என்பதை 1980களின் இறுதியில் வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அங்கும் வெஸ்டர்ன் எக்ஸ்கவேட்டிங் அளவுகோலே ஏற்கப்பட்டது. சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த வேலை நியமனச் சட்டத் திருத்தம், ஊழியர் தம் விருப்பின்றி விலக நேர்ந்ததை மெய்ப்பித்தால் அதனையும் பணிநீக்கமாகக் கொள்கின்றது. வெவ்வேறு வழிகளில் வந்தபோதும், விலகல் கடிதத்தின் பின்னால் மறைந்திருக்கும் கட்டாயத்தைச் சட்டம் காணத் தொடங்கியுள்ளது என்பது இவற்றால் விளங்கும்.

முடிவுரை

தாதியர் தம் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை எவராலும் கொடையாக வழங்கப்பட்டதன்று. 1890இல் சாட்சியமளித்த பயிற்சித் தாதியர், பதிவேட்டிற்காகப் போராடியோர், தீர்ப்பாயம் வரை சென்ற பிங்க் போன்றோர் அதனைச் சிறிது சிறிதாக உருவாக்கினர். விசாரணைக்கு முன் அளிக்கப்படும் விலகல் கடிதம் அவ்வுரிமையைத் தனியறையில் கைவிடும் செயலாகும். கைவிடுவதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால், எதனைக் கைவிடுகின்றோம் என்பதை அறிந்து கைவிடுதல் வேண்டும்.

எனவே, கடிதம் எழுதுவதற்கு முன் சில வினாக்களுக்கு விடை காணுதல் இன்றியமையாதது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டுள்ளதா? அதற்கான சான்றுகள் காட்டப்பட்டுள்ளனவா? தொழிற்சங்கத்தையோ சட்டம் அறிந்தவரையோ கலந்து பேசியாயிற்றா? விலகினால் பதிவேட்டு மன்றம் என்ன செய்யும்? பணிச்சான்றில் என்ன எழுதப்படும்? நடந்தவற்றைத் தேதியிட்டுத் தாம் எழுதிய குறிப்பு கைவசம் உள்ளதா? இவற்றிற்கு விடை கண்ட பின்னரும் விலகலே தக்கதெனத் தோன்றின், உண்மையான காரணத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டு விலகலாம். விடை காண்பதற்கு முன், முந்திய இரவின் அச்சத்தால் மட்டும் விலகுதல் தகாது.

இப்பொறுப்பு முழுவதையும் தாதியின் தோளில் ஏற்றுவதும் முறையன்று. குற்றமற்ற தாதியர்கூட விசாரணைக்கு அஞ்சி விலகும் மருத்துவமனையில், ஆராயப்பட வேண்டியது அவர்களின் துணிவின்மை அன்று. அவ்விசாரணை நடத்தப்படும் முறையே ஆகும். தவறு செய்தவர் தம் தவற்றை அச்சமின்றிக் கூறவும், தவறு செய்யாதவர் தம்மை நிலைநிறுத்தவும் இடமளிக்கும் விசாரணையே நோயாளிக்கும் பாதுகாப்பு. இரவுப் பணியில் நடந்ததை அங்கிருந்த தாதி கூறாவிடில், அதனைப் பின்னர் அறிந்துகொள்ள வேறு வழியில்லை.